ஹெக்டேருக்கு 17,000: கடலூர் பயிர் நிவாரணம் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கடலூர் மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்க வாசல், டீக்கடை, உரக்கடை எங்கே போனாலும் மூன்றே கேள்விதான்: கணக்கு எடுத்தாங்களா, பேர் சேர்ந்திருக்கா, பணம் ஏறிடுச்சா? பயிர் நிவாரணத்தை அரசியல் பேச்சாக விட்டுவிட்டு ஒரு சேவையாக எடை போட்டால் கிடைக்கும் விடை இது. சொந்தப் பட்டா, பாசன நெல், நேராக இருக்கும் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவேடு), ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, இந்த நாலும் உள்ளவருக்குப் பணம் தாமதமாகவேனும் வந்து சேர்கிறது. இடையில் யார் கையும் படாமல் நேரே கணக்கில் ஏறுகிறது. குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கும், இறந்துபோன அப்பா பெயரிலேயே பட்டா வைத்திருப்பவருக்கும், முந்திரி, பலா, வாழைக்காரருக்கும் இது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. காரணம் தொகை மட்டும் இல்லை. நிவாரணம் முடிவாகும் இடம் வயல் இல்லை, கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடு.

முதலில் தொகை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022இல் திருத்திய விதிப்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்குப் பாசனப் பயிர் என்றால் 17,000 ரூபாய், மானாவாரி 8,500, பல்லாண்டுப் பயிர் 22,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர். நிலம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பாசனப் பயிருக்கு 2,000, மானாவாரிக்கு 1,000, பல்லாண்டுப் பயிருக்கு 2,500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் தமிழக அரசு அறிவித்ததும் இதே 17,000, 8,500, 22,500தான்.

நம் பக்கம் யாரும் ஹெக்டேரில் பேசுவதில்லை என்பதால் காணிக் கணக்கில் பார்ப்போம். 100 குழி ஒரு காணி, அதாவது 53.5 ஏர் (100 ஏர் ஒரு ஹெக்டேர்), ஏறக்குறைய 132 சென்ட். பாசன நெல்லுக்குக் காணிக்கு 9,095 ரூபாய், ஏக்கருக்கு 6,880. உழவு, நாற்று, நடவு, அடியுரம் வரை செலவழித்தவருக்கு அதில் பாதி திரும்பினால் பெரிது. இது விளைச்சலுக்கான விலை இல்லை, மறுபடி விதைக்கக் கைக்கு வரும் பணம். அந்த எதிர்பார்ப்போடு அணுகினால் கோபம் பாதி குறையும்.

விதியில் உள்ளதற்கு மேலே மாநில அரசு சேர்த்துக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறது. 2020 நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 13,500 ஆக இருந்த பாசனப் பயிர்த் தொகையை 20,000 ஆக்கி, 2 ஹெக்டேர் வரம்பையும் எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழைக்கும் 20,000 கிடைத்தது. ஃபெஞ்சலுக்கு விதித் தொகையோடு நின்றுவிட்டது. ஆகவே 'போன தடவை இவ்வளவு வந்ததே' என்று கணக்குப் போட்டு வாங்கும் கடன் ஆபத்தானது. ஒவ்வொரு முறையும் அந்தப் புயலுக்கான அரசாணையைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்பு நாள்

தண்ணீர் வடியும் முன் கணக்கெடுப்பு தொடங்காது. வடிந்தபின் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வருவார்கள். கிராம நிர்வாக அலுவலர், உதவி வேளாண்மை அலுவலர், தோட்டப் பயிர் என்றால் உதவி தோட்டக்கலை அலுவலர். இரண்டு துறைப் பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் பெயர் மேலே போகும். வேளாண் துறைக்காரர் எழுதிக்கொண்டு போனார் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலில் சர்வே எண்ணே இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சண்டை வருவது 33 சதவீதத்தில். 2015க்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது. வரப்பில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் நடைமுறை. பச்சை தெரிந்தால் சேதம் குறைவு என்ற முடிவுக்கு வருவது எளிது. வயல்காரரே எண்ணி வைத்திருந்தால் பேச்சு மாறும். 20க்கு 15 செ.மீ. இடைவெளி நடவில் ஒரு சதுர மீட்டருக்கு 33 குத்து (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) இருக்கும். மூங்கில் சிம்பில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, வயலில் மேட்டிலும் பள்ளத்திலுமாக ஐந்து இடத்தில் வைத்து எண்ணுங்கள். 11 குத்து போயிருந்தால் மூன்றில் ஒன்று போனது. குத்து உயிரோடு இருக்கிறதா என்பதற்கு நடுக்குருத்தை இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக நின்றால் பிழைக்கும். பழுத்து, நாற்றத்தோடு கையோடு வந்தால் அவ்வளவுதான். இலை மஞ்சளாக இருப்பது மட்டும் சாவு இல்லை. அலுவலர்களுக்கும் அது தெரியும்.

படம் எடுப்பதில் ஒரு சின்ன விஷயம். தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை பதியும் கேமரா செயலியில் எடுங்கள். தண்ணீர் நிற்கும்போது ஒன்று, வடிந்த அன்று ஒன்று, நாலைந்து நாள் கழித்து ஒன்று. மூன்றிலும் அடையாளம் தெரியும் ஒரு மரமோ மின்கம்பமோ மதகோ இருக்கட்டும். வெறும் தண்ணீர்ப் பரப்பைப் படமெடுத்தால் அது எந்த ஊர் ஏரி என்று கேட்பார்கள்.

இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. தண்ணீர் வடிந்ததும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடச் சொல்வது வேளாண் துறையின் வழக்கமான பரிந்துரை. இட்டால் தூர் கட்டும் பருவத்துப் பயிர் பத்து நாளில் தேறிவிடும். தேறிய பிறகு கணக்கெடுக்க வந்தால் '33 இல்லையே' என்பார்கள். அதனால் உரம் போடாமல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது நஷ்டம். தேறக்கூடிய பயிரைச் சாகவிட்டுப் பெறும் 6,880 ரூபாய், ஏக்கருக்கு நாலைந்து மூட்டை நெல்லுக்குள் அடங்கிவிடும். முதலில் படம், அடுத்து எழுத்தில் ஒரு மனு, அதற்குப் பிறகு உரம். மனுவில் தேதி போட்டு, அலுவலகத்தில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கியிருந்தால் கணக்கெடுப்பு தள்ளிப்போனாலும் பிடிமானம் இருக்கும்.

இன்னொரு ஓட்டை, இரண்டாம் வெள்ளம். குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரே பருவத்தில் இரண்டு முறை மூழ்குவது புதிதல்ல. வீராணம் நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் உபரிநீர் திறந்தால் திருநாரையூர் பக்கத்து வயல்கள் முதலில் மூழ்கும். நவம்பரில் எடுத்த கணக்கில் 'சேதம் 20 சதவீதம்' என்று எழுதப்பட்ட வயல் டிசம்பரில் முழுதாகப் போனாலும் பழைய பதிவு தானாகத் திருந்தாது. புதிதாக மனு கொடுத்தால்தான் மறுபடி பார்ப்பார்கள்.

பதிவேட்டில் உள்ளவரே விவசாயி

வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1இல் தொடங்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. அந்தந்தப் பசலிக்கு எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி என்பது கிராமக் கணக்கு எண் 2 ஆகிய அடங்கலில் ஏற வேண்டும். நிவாரணமும் காப்பீடும் இந்த ஒரு வரியில்தான் தொங்குகின்றன. போன பசலியில் கரும்பு என்று இருந்ததை மாற்றாமல் விட்டு இந்தப் பசலியில் நெல் மூழ்கினால், பட்டியலில் குழப்பம் நிச்சயம். புயல் வந்தபின் அடங்கல் கேட்டு நடப்பதைவிட அக்டோபரிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம். பட்டா, சிட்டாவை 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்திலேயே சரிபார்க்கலாம், காசு கிடையாது.

கூட்டுப் பட்டாவில் ஐந்து பேர் இருந்து ஒருவர் மட்டும் பயிர் செய்தால் மற்ற நால்வரின் சம்மதம் கேட்கப்படும். வெளியூர்ப் பங்காளியின் கையெழுத்துக்காகக் கோப்பு நிற்கும்போது பட்டியல் மேலே போய்விடும். இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், தேவைப்பட்டால் உட்பிரிவு அளவை என்று போக வேண்டும். இது ஒரு மழைக்கால அவசரத்தில் முடிகிற வேலை இல்லை. கோடையில் ஜமாபந்தி (கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) நடக்கும்போது மனு கொடுத்தால் கொஞ்சம் வேகமாக நகரும்.

குத்தகைதான் இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் கோயில் நிலமும் வெளியூர்க்காரர் நிலமும் நிறைய. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது, அதில் பெயர் பதிந்தவர்கள் குறைவு. வாய்வார்த்தைக் குத்தகையிலும், விளைச்சலைப் பங்கிடும் வார ஏற்பாட்டிலும் நட்டவர் செலவழிக்கிறார், பட்டாக்காரர் கணக்கில் பணம் ஏறுகிறது. நல்ல மனிதர் என்றால் எடுத்துக் கொடுப்பார். சட்டப்படி சாகுபடிதாரர் பெயரை அடங்கலில் எழுதலாம். ஆனால் எழுதினால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உடைமையாளர் பயப்படுகிறார், ஆகவே யாரும் எழுதுவதில்லை. கோயில் நிலத்துக்காரருக்கு நிலைமை சற்றுத் தேவலை. குத்தகை செலுத்திய ரசீது நடப்பு ஆண்டு வரை இருந்தால் அதைக் காட்டிச் சாகுபடிச் சான்று கேட்கலாம். பாக்கி வைத்திருந்தால் அந்த வாசலும் சாத்தப்படும். 2025இல் எடுக்கத் தொடங்கிய விவசாயி தனித்துவ அடையாள எண்ணும் நில உடைமையாளரின் ஆதாரையும் சர்வே எண்ணையும் இணைக்கிறதே தவிர, குத்தகைக்காரரைச் சேர்க்கவில்லை.

மரம் சாய்ந்தவருக்கு

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துக்காரர்கள் 22,500 என்ற எண்ணைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். 7க்கு 7 மீட்டரில் நட்ட முந்திரித் தோப்பில் ஹெக்டேருக்கு 200 மரம். மரத்துக்கு 112 ரூபாய் 50 காசு. 8க்கு 8 மீட்டர் பலாவில் 156 மரம், ஒரு மரத்துக்கு 144 ரூபாய். சாய்ந்த மரத்தை வெட்டி, வேரைப் பெயர்த்து, குழியை மூடவே அதைப்போல் பல மடங்கு ஆகும். புதுக் கன்று நட்டு நாலைந்து வருஷம் காத்திருந்தால்தான் காசு பார்க்க முடியும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் ஒரே காலையில் தோப்புத் தோப்பாகச் சாய்த்த மாவட்டம் இது. பல்லாண்டுப் பயிர் விதி அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. வாழை இன்னும் மோசம். பாசனப் பயிராகக் கணக்கிட்டு 17,000 என்றால், ஹெக்டேருக்கு 2,500 கன்று நட்டவருக்குக் கன்றுக்கு 6 ரூபாய் 80 காசு. முட்டுக் கொடுத்த சவுக்குக் கழி விலைகூட இல்லை. தோப்புக்காரரும் வாழைக்காரரும் இந்த நிவாரணத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது.

கேட்காமல் விடும் பணம்

நிலத்தில் மண் மூடினால் அதற்குத் தனித் தொகை உண்டு. மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவருக்கு அகற்றும் செலவாக ஹெக்டேருக்கு 18,000. இது பயிர்த் தொகைக்கு வேறானது. இதே வேலைக்கு வேறு அரசுத் திட்டத்தில் உதவி வாங்கியிருக்கக் கூடாது. சாத்தனூர் அணையிலிருந்து 2024 டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தபோது தென்பெண்ணைக் கரையில் பல வயல் மணல் மேடானது. அதைப்போன்ற இடங்களில் பயிருக்கு மட்டும் எழுதிக்கொண்டு போனால், 'மண் படிவுக்கும் எழுதுங்கள்' என்று கேட்க வேண்டும். கடப்பாறையால் குத்தி, பழைய மண் நிறம் தெரியும் இடம்வரை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

தொகை போதுமா? ஒரு ஏக்கரில் மூன்று அங்குலம் மணல் என்றால் 10,890 கன அடி, அதாவது 109 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் 36 நடை. ஏக்கருக்கு வரும் 7,285 ரூபாயை வகுத்தால் நடைக்கு 200 ரூபாய்தான் வருகிறது. ஜேசிபி வாடகை, டீசல் எல்லாம் அதற்குள். மணலை வெளியே ஏற்றினால் கனிமவளத் துறையின் அனுமதி வேறு. வயலின் ஓரத்திலேயே கரையாகக் குவித்துக்கொள்பவர்களுக்குத்தான் கணக்கு ஓரளவு சரிவரும்.

மாடு செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவர் சான்று. கறவைப் பசு, எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று ஃபெஞ்சலுக்கு அறிவித்தார்கள். புதைத்தபின் சான்று கேட்டால் கிடைப்பது கடினம்.

பணம் ஏறும் கட்டம்

ஃபெஞ்சல் நவம்பர் கடைசியில் அடித்தது, நிதி ஒதுக்கீடு 2025 தொடக்கத்தில்தான் வந்தது. மாநிலம் முழுக்க 5.18 லட்சம் விவசாயிகளுக்கு 498.80 கோடி. சராசரி போட்டால் தலைக்குப் பத்தாயிரத்துக்குள். சம்பா போய் உளுந்து விதைக்கும் நேரமும் கடந்தபின் வரும் பணம் அடுத்த விதைப்புக்கு உதவாது. சேவையில் மதிப்பெண் குறைக்க வேண்டிய இடம் இதுதான்.

பெயர் இருந்தும் பணம் வராததற்குக் காரணங்கள் பெரும்பாலும் சில்லறையானவை. ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. 2020இல் இணைக்கப்பட்ட வங்கிகளின் பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணையே எழுதிக் கொடுத்திருப்பது. இரண்டு வருஷமாகத் தொடாமல் முடங்கிய கணக்கு. ஆதார் வழி அனுப்பினால் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கே போய்விடும், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கில் தேடிப் பயனில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துச் சேமிப்புக் கணக்கை எழுதுபவர்கள் அதற்குப் பதிலாக மத்திய கூட்டுறவு வங்கிக் கிளைக் கணக்கைக் கொடுப்பது பாதுகாப்பு. கணக்கெடுக்க வருபவர் அவசரத்தில் கையால் எண்ணை எழுதிக்கொள்வார். புத்தகத்தின் முதல் பக்க நகலைக் கையில் கொடுத்துவிட்டால் ஓர் இலக்கம் மாறிப் போகும் தொல்லை இல்லை.

காப்பீட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு பை, இரண்டும் வாங்கலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 என்றால் 540 ரூபாய். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15, சில வருஷம் நீட்டிப்பார்கள். நீட்டிப்பை நம்பி இருந்தால் புயல் முந்திக்கொள்ளும். நிவாரணத்தில் உங்கள் வயலைப் பார்க்கிறார்கள், காப்பீட்டில் கிராமத்தைப் பார்க்கிறார்கள். 5க்கு 5 மீட்டர் அறுவடைப் பரிசோதனையில் வரும் கிராமச் சராசரி உத்தரவாத விளைச்சலுக்குக் கீழே போனால்தான் பணம். உங்கள் பள்ளத்து வயல் மட்டும் அழுகி ஊர் மேட்டில் நன்றாக விளைந்தால் காப்பீடு வராது, நிவாரணம் வரலாம். தன் வயல் மட்டும் மூழ்கிய நெல்லுக்குத் தனியாகக் கோரும் வழி 2018இல் எடுக்கப்பட்டது. 2026 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் பயிர்ப் பருவம்) முதல் திரும்பக் கொண்டுவருவதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதில் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுப்பது கட்டாயம், தொலைபேசி எண் 14447.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரியின் பாகூர் பக்கத்தோடு ஒப்பிடாமல் கடலூரில் யாரும் நிவாரணம் பேசுவதில்லை. அதே தென்பெண்ணை வெள்ளத்துக்குப் புதுச்சேரி அரசு அறிவித்தது ஹெக்டேருக்கு 30,000, காணிக்கு 16,050. நம் பக்கத்தைவிடக் காணிக்கு ஏழாயிரம் கூடுதல். ரேஷன் அட்டைக்கு அங்கே 5,000, இங்கே 2,000. சின்னப் பரப்பு, குறைந்த விவசாயிகள் என்பதால் அங்கே கணக்கெடுப்பும் கைக்கடக்கம். அங்குள்ள வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகமான உழவர் உதவியகத்தில் விவசாயிகளை நேரில் தெரிந்தவர்களே இருக்கிறார்கள். வீடு கடலூரில், நிலம் பாகூரில் என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அட்டைப் பணம் அட்டை உள்ள இடத்தில், பயிர்ப் பணம் நிலம் உள்ள இடத்தில். நிலத்துக்கான மனுவைப் பாகூர் உழவர் உதவியகத்தில்தான் கொடுக்க வேண்டும், நில ஆவணத்தை 'நிலமகள்' தளத்தில் எடுக்கலாம்.

பெயர் விட்டுப்போனால் வட்டாட்சியருக்கு மனு, நகல் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு. அசையவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், அடுத்து மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். கூட்டத்தில் 'எங்க ஊருக்கு நிவாரணம் வரல' என்று பொதுவாகப் பேசினால் 'பரிசீலிக்கப்படும்' என்ற பதிலோடு முடியும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, கணக்கெடுப்புத் தேதி, மனு ஒப்புகை எண் ஆகியவற்றோடு பேசினால் சம்பந்தப்பட்டவர் அங்கேயே எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கிராமத்தின் கூட்டுக் கணக்கெடுப்புப் பட்டியல் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'எனக்கு ஏன் வரவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குக் காரணம் எழுதித் தர அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. 'இந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே எழுதப்பட்ட சேத சதவீதம், பயிர், பரப்பு, சாகுபடிதாரர் பெயர்' என்று பதிவேட்டின் கட்டங்களைக் கேளுங்கள்.